பல நாட்டார் கூடும் நகர ஆலயத்துக்குப் புதிய குருவானவரைத் தேடுதல்: இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சேகரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்குக் குருவானவர் மாற்றம் என்பது பேராயத்திலிருந்து வரும் ஓர் உத்தரவு. மாற்றல் பட்டியல் வெளியாகும். பழையவருக்கு வழியனுப்பு விழா, புதியவருக்கு வரவேற்பு விழா என்று காரியம் முடிந்துவிடும். வேண்டுமானால் பேராயரிடம் ஆள் விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். இங்கிலாந்துத் திருச்சபையின் ஏற்பாடு வேறு. அங்கே ஒரு சேகரத்துக்கு, அதாவது ஓர் ஆலயத்தின் பொறுப்பில் உள்ள வட்டாரத்துக்கு, குருவானவரைத் தேடும் பணியில் சபையாருக்குச் சட்டப்படியான இடம் உண்டு. சேகரத்தின் நிலையை எழுத்தில் வைப்பது, நேர்காணலில் அமர்வது, பொருந்தாதவர் என்று கருதுபவரை ஏற்க மறுப்பது ஆகிய மூன்றும் அந்த இடத்துக்குள் அடங்கும்.

லண்டன், பர்மிங்காம், லெஸ்டர், மான்செஸ்டர் போன்ற நகரங்களின் ஆலயங்களில் கரீபியர், நைஜீரியர், கானா நாட்டார், தமிழர், மலையாளிகள், ஈரானியர், 2021க்குப் பிறகு ஹாங்காங்கிலிருந்து குடியேறியவர்கள், தலைமுறைகளாக அதே தெருவில் வாழும் ஆங்கிலேயர் எனப் பலரும் அடுத்தடுத்து அமர்ந்து ஆராதிக்கிறார்கள். அடுத்தடுத்து அமர்வது எளிது; சேர்ந்து முடிவெடுப்பது கடினம். குருவானவர் பணியிடம் காலியாகும்போதுதான் ஒரு சபை உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பது தெரியவரும். ஆகவே, நடைமுறைச் சட்டத்தைச் சொல்லும் அதே அளவுக்கு, அந்த நடைமுறைக்குள் எல்லோருடைய குரலும் எப்படி நுழைவது என்பதையும் இந்த வழிகாட்டி சொல்ல முயல்கிறது.

யார் யாருக்கு என்ன அதிகாரம்

இங்கிலாந்தில் ஒவ்வொரு சேகரத்துக்கும் புரவலர் ஒருவர் இருக்கிறார். காலியிடத்துக்குக் குருவானவரை முன்மொழியும் உரிமை அவருக்கே உரியது. அந்தப் புரவலர் பேராயராக இருக்கலாம். மன்னராக, ஆக்ஸ்போர்டு அல்லது கேம்பிரிட்ஜ் கல்லூரியாக, கதீட்ரலின் நிர்வாகக் குழுவாக, தனி மனிதராகவும் இருக்கலாம். சார்லஸ் சிமியோன் 19ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இன்றும் பல சேகரங்களுக்குப் புரவலராக இருந்து, தம் சுவிசேஷப் பாரம்பரியத்துக்கு ஏற்ற குருவானவர்களையே நாடுகின்றன. எனவே முதல் வேலை, உங்கள் புரவலர் யார், அவர் எந்தப் பாரம்பரியத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொள்வது. பத்தாண்டுகளாக ஆலயத்துக்கு வருபவர்களில்கூடப் பலருக்கு இது தெரிந்திருப்பதில்லை.

புரவலரின் உரிமைக்கு எல்லை வகுப்பது 1986ஆம் ஆண்டின் புரவலர் உரிமைச் சட்டம். அதன்படி, புரவலர் ஒருவரைத் தேர்ந்தாலும், பேராயரும் சேகரத்தின் இரண்டு பிரதிநிதிகளும் ஒப்புதல் தந்த பிறகே அழைப்பு விடுக்க முடியும். பிரதிநிதிகள் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். புரவலர் அதை ஏற்காவிட்டால் தலைமைப் பேராயரிடம் மறுபரிசீலனை கோரலாம். பிரதிநிதிகள் குறித்த காலத்துக்குள் பதிலே தராமல் இருந்தால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளப்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

நகரச் சேகரங்களில் அடிக்கடி குறுக்கிடும் விதிவிலக்கு ஒன்று உண்டு. சேகரங்களை இணைப்பது அல்லது எல்லையை மாற்றுவது பற்றிப் பேராயம் யோசித்துக்கொண்டிருந்தால், 2011ஆம் ஆண்டின் சட்டப்படி புரவலரின் முன்மொழியும் உரிமையைப் பேராயர் ஐந்து ஆண்டுகள் வரை நிறுத்தி வைக்கலாம். அப்போது வருபவர் நிரந்தர விகாராக அல்லாமல் பொறுப்புக் குருவானவராக நியமிக்கப்படுவார். சேகரத்தைக் கலந்தாலோசிக்க வேண்டிய கடமை பேராயருக்கு இருந்தாலும், மேலே சொன்ன மறுப்புரிமை அப்போது செல்லாது. ஆகையால் குருவானவர் விலகுவதாக அறிவித்த உடனேயே, முன்மொழியும் உரிமை நிறுத்தப்படுமா என்று, பேராயரின் சார்பில் பல சேகரங்களைக் கவனிக்கும் மூத்த குருவானவரான ஆர்ச்டீக்கனிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்துக்கு வெளியே விதிகள் மாறும். அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபையில், சபையின் நிர்வாகக் குழுவே தேடற்குழு அமைத்து, பேராயருடன் கலந்து, சபையின் தலைமைக் குருவானவரான ரெக்டரைத் தேர்ந்தெடுக்கிறது. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிநூல் உண்டு. சட்டம் மாறினாலும், கீழே வரும் வேலைகளில் பெரும்பாலானவை எங்கும் செய்ய வேண்டியவையே.

அங்கத்தினர் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது பி.சி.சி. என்று அழைக்கப்படும் சேகர மன்றம். சேகர மன்றத்தைத் தேர்ந்தெடுப்பது ஆண்டுப் பொதுக்கூட்டம். அந்தக் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே. ஞானஸ்நானம் பெற்ற, 16 வயது நிறைந்த ஒருவர் சேகர எல்லைக்குள் வசித்தாலோ, வெளியே வசித்தாலும் ஆறு மாதங்களாகத் தவறாமல் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தாலோ பதிவேட்டில் சேரலாம். குடியுரிமை தேவையில்லை. பதிவேடு ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாக எழுதப்படுகிறது. கடைசியாக எழுதப்பட்டது 2025இல். பழைய பட்டியலில் இருந்தவரும் அப்போது புதிதாக விண்ணப்பித்திருக்க வேண்டும்.

குடியேறிய குடும்பங்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஞாயிறுதோறும் வருவார்கள், காணிக்கை கொடுப்பார்கள், அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தையே அலங்கரிப்பார்கள். பதிவேட்டில் மட்டும் பெயர் இருக்காது. அந்தப் படிவத்தை யாரும் அவர்கள் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள், அல்லது அது ஏதோ வரி சம்பந்தப்பட்ட தாள் என்று நினைத்து மடித்து வைத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை அதே ஆலயத்தில் தமிழிலோ யொரூபாவிலோ பாரசீகத்திலோ கூடும் குழுவினரின் நிலை இன்னும் குழப்பமானது. அவர்கள் சேகரத்தின் அங்கத்தினரா, அல்லது மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர்களா என்பதே பல இடங்களில் தெளிவாக்கப்படாமல் கிடக்கும். குருவானவர் கிளம்பிய பின் இதைச் சரிசெய்ய நேரம் இருக்காது. பொதுக்கூட்டம் மே 31க்குள் நடந்தாக வேண்டும்; அதற்குப் பல வாரங்கள் முன்பே, ஆராதனைக்குப் பின் ஒவ்வொரு மேசைக்கும் படிவத்தை எடுத்துப் போய், உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க ஆள் வையுங்கள்.

இடைக்காலத்தை நடத்துவது

குருவானவர் போன பிறகு சேகரத்தின் அன்றாடப் பொறுப்பு, சபையார் தேர்ந்தெடுத்த பொறுப்பாளர்களான இரண்டு சர்ச் வார்டன்களின் தோளில் விழும். அக்கம்பக்கச் சேகரங்களை ஒருங்கிணைக்கும் குருவானவரான ஏரியா டீன் துணை நிற்பார். ஓய்வுபெற்ற குருவானவர்களும் பக்கத்துச் சேகரத்தாரும் ஆராதனை நடத்த வருவார்கள். இந்த இடைக்காலம் ஆறு மாதத்துக்குக் குறைவாக அமைவது அரிது. ஓராண்டை எட்டுவதும் உண்டு.

இரண்டு காரியங்களில் உறுதியாக இருங்கள். முதலாவது, விலகிப் போகும் குருவானவர் தம் வாரிசைத் தேடும் பணியில் தலையிடக் கூடாது. சட்டமே அவரையும் அவருடைய துணைவரையும், புரவலரையும் அவருடைய பிரதிநிதியையும், சேகர மன்றத்தின் அந்தக் குறிப்பிட்ட கூட்டத்திலிருந்து விலக்கி வைக்கிறது. அன்பின் மிகுதியால் சபையார் அவருக்குத் தொலைபேசியில் அழைத்து யோசனை கேட்பது பெரிய தொல்லையில் முடியும். இரண்டாவது, இந்த மாதங்களில் பலிபீடத்திலும் பிரசங்க மேடையிலும் நிற்க அழைக்கப்படுபவர்கள் பல பின்னணியைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். பெண் குருவானவரையோ கறுப்பின குருவானவரையோ இதுவரை கண்டிராத சபை, நேர்காணலுக்கு முன்பே அவர்களுடைய கையால் திருவிருந்து வாங்கியிருப்பது நல்லது.

சபையாரைக் கேட்பது

வழக்கமாக நடப்பது இது: கேள்வித்தாள் ஒன்று அச்சிடப்படும், ஆலய வாசலில் ஒரு பெட்டி வைக்கப்படும், இணையத்தில் ஒரு படிவம் போடப்படும். வரும் பதில்களில் பெரும்பகுதி, படிவம் நிரப்பிப் பழகிய, ஆங்கிலத்தில் சரளமாக எழுதும், காலை எட்டு மணித் திருவிருந்துக்கு வரும் முதியவர்களுடையதாக இருக்கும். அவர்களுடைய கருத்து மதிப்புள்ளதே. ஆனால் அதை மட்டும் தொகுத்து “சபையின் கருத்து” என்று பெயரிட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

பேச்சின் மூலம் கேளுங்கள். அந்தந்த மொழி பேசும், சபையின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவரை ஒவ்வொரு குழுவிடமும் அனுப்புங்கள். வீட்டு ஜெபக் கூட்டத்திலோ, தேநீர்க் கோப்பைகளைக் கழுவும் அடுக்களையிலோ, இளையோர் குழு கூடும் வெள்ளிக்கிழமை மாலையிலோ போய்க் கேட்கட்டும். அடுக்களையில் நிற்கும் பெரியம்மாவிடம் “புதிய குருவானவரிடம் நீங்கள் எதிர்பார்க்கும் தலைமைப் பண்புகள் யாவை?” என்று கேட்டால் “யார் வந்தாலும் கர்த்தருடைய சித்தம்” என்ற பதிலே வரும். “கடைசியாக எப்போது குருவானவர் உங்கள் வீட்டுக்கு வந்தார்? நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாருக்குச் சொல்லி அனுப்பினீர்கள்?” என்று கேட்டால் அரை மணி நேரத்துக்கு விஷயம் கிடைக்கும். குறிப்பெடுப்பவர் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும், அழகுபடுத்த வேண்டியதில்லை.

கருத்துக் கேட்பதோடு, கண்முன் இருக்கும் சான்றையும் பாருங்கள். கடந்த ஓராண்டின் பணிப் பட்டியல்களை எடுத்து ஒரு மேசையில் பரப்புங்கள்: வேத வாசிப்பு, மன்றாட்டு ஜெபம், திருவிருந்துப் பாத்திரம் ஏந்துதல், காணிக்கை எண்ணுதல், வாசலில் வரவேற்பு, நாற்காலி அடுக்குதல், தேநீர். எந்தப் பட்டியலில் யார் பெயர் வருகிறது என்று பார்த்தாலே போதும். வாசிப்புப் பட்டியலில் பல நாட்டார் பெயர்களும் காணிக்கை எண்ணும் பட்டியலில் ஒரே வட்டத்தார் பெயர்களும் இருந்தால், உங்கள் சபையின் பன்மை இன்னும் மேடையளவில்தான் இருக்கிறது. புதிய குருவானவர் எங்கே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதையும் அந்தத் தாள்களே சொல்லும்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறும் உண்டு. 1948க்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்களில் பலர் இங்கிலாந்தின் ஆலய வாசல்களிலேயே புறக்கணிக்கப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் திருச்சபையின் சட்டமியற்றும் மன்றமான பொது சினாட் அதற்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2021 ஏப்ரலில் இனவெறி எதிர்ப்புப் பணிக்குழு 47 நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தது. அந்த வாசல்களில் நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் சபையில் இருக்கக்கூடும். அவர்கள் குறைந்த வார்த்தைகளில் பேசினால், அதைத் திருப்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேகரக் குறிப்பு எழுதுவது

சேகரத்தின் நிலை, தேவை, பாரம்பரியம் ஆகியவற்றை விவரிக்கும் அறிக்கை ஒன்றைச் சேகர மன்றம் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை விரிவாக்கிப் படங்களுடன் வெளியிடுவதே சேகரக் குறிப்பு. விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று ஒரு குருவானவர் தீர்மானிப்பது பெரும்பாலும் இதைப் படித்துத்தான்.

பத்துச் சேகரக் குறிப்புகளை எடுத்துப் படித்தால் ஒன்பதில் “நாங்கள் அன்பும் வரவேற்பும் நிறைந்த, பன்முகத்தன்மை கொண்ட குடும்பம்” என்று இருக்கும். அதிலிருந்து எதுவும் தெரியாது. அந்த இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: “பத்து மணி ஆராதனைக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மேற்கு ஆப்பிரிக்க, கரீபிய, தென்னாசியப் பின்னணியினர், ஆனால் சேகர மன்றத்தில் அவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. மாதந்தோறும் நடக்கும் தமிழ் ஆராதனைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆங்கில ஆராதனையையே விரும்புகிறார்கள். பெற்றோருக்கு அது வருத்தம். புனித வெள்ளி ஆராதனையின் நீளம் குறித்து ஒவ்வோர் ஆண்டும் வாக்குவாதம் எழுகிறது. இவற்றைச் சேர்ந்து தீர்க்க எங்களுக்கு உதவும் ஒருவரை நாடுகிறோம்.” இதைப் படித்துவிட்டுச் சிலர் விண்ணப்பிக்காமல் போகலாம். போகட்டும். விண்ணப்பிப்பவர் கண் திறந்து வருவார்.

குறிப்பில் கட்டாயம் இடம்பெற வேண்டியவை வேறு சில: கடந்த மூன்று ஆண்டுகளின் வரவு செலவு, பேராயத்துக்குச் செலுத்த வேண்டிய பங்குத்தொகை முழுதாகச் செலுத்தப்படுகிறதா என்ற நிலை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக்கலைஞர் தரும் ஆய்வறிக்கையில் சொன்ன பழுதுகள், குருமனையின் நிலை, பக்கத்துப் பள்ளியுடனான உறவு, அப்பகுதியில் வாழும் மற்ற சமயத்தாருடனான உறவு. கூரை ஒழுகுகிறது என்பதை மறைத்து ஒருவரை வரவழைப்பது, பொருத்தம் பார்க்கும்போது கடனை மறைப்பதைப் போன்றது. முதல் மழையில் தெரிந்துவிடும்.

கருத்து வேறுபாடுள்ள காரியங்களையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பெண் குருவானவர்களை இங்கிலாந்துத் திருச்சபை 1994இலிருந்து அபிஷேகம் செய்து வருகிறது. 2014இல் பேராயர் பதவியும் அவர்களுக்குத் திறந்தது. இருப்பினும், பெண்களின் குருத்துவத்தை ஏற்காத சேகர மன்றம் அதற்கான தீர்மானம் இயற்றி, பேராயரிடம் மாற்று ஏற்பாடு கோரலாம். பல நாட்டார் சபையில் இது சிக்கலான கேள்வி. நைஜீரியத் திருச்சபை பெண்களைக் குருவானவராக அபிஷேகம் செய்வதில்லை. தென்னிந்தியத் திருச்சபையோ 2013இல் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்மணியையே பேராயராக ஏற்படுத்தியது. ஆகவே “குடியேறியவர்கள் எல்லாம் பழமைவாதிகள்” என்ற பொதுவான எண்ணத்துக்கு இடம் கொடாமல், கேட்டுத் தெரிந்து எழுதுங்கள். 2023 டிசம்பரிலிருந்து ஒரே பாலினத் துணைவர்களுக்கான ஜெபங்களை ஆராதனையில் பயன்படுத்த அனுமதி இருப்பது பற்றியும் விண்ணப்பதாரர் நிச்சயம் கேட்பார். சபைக்குள் ஒருமித்த கருத்து இல்லையென்றால், “இல்லை” என்றே எழுதுவது நேர்மை.

பதினொன்றாம் பிரிவுக் கூட்டம்

காலியிடம் பற்றிய முறையான அறிவிப்பு செயலாளரின் கைக்கு வந்த நான்கு வாரங்களுக்குள் சேகர மன்றம் கூடியாக வேண்டும். 1986 சட்டத்தின் 11ஆம் பிரிவு இதற்கென வகுத்த வேலைகள் சில: சேகர அறிக்கையை ஏற்பது, இரண்டு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது, விளம்பரம் செய்யும்படி புரவலரைக் கேட்பதா என்று தீர்மானிப்பது, பேராயரையும் புரவலரையும் ஒருசேரச் சந்திக்கும் கூட்டுக் கூட்டம் வேண்டுமா என்று முடிவெடுப்பது, பேராயத்தின் தேவைகளை எழுத்தில் தரும்படி பேராயரைக் கேட்பதா என்று தீர்மானிப்பது. நான்கு வாரம் என்பது மிகக் குறுகியது. அதனால்தான் கருத்துக் கேட்கும் வேலையை அறிவிப்புக்கு முன்பே தொடங்கச் சொல்கிறோம்.

பிரதிநிதிகள் இருவரும் சேகர மன்றத்தின் பொதுநிலை (குருப்பட்டம் பெறாத) அங்கத்தினர்களாக இருக்க வேண்டும். மன்றம் யாரையும் தேர்ந்தெடுக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு சர்ச் வார்டன்களுக்கே போகும். பெரும்பாலான சபைகள், தேர்ந்தெடுக்கும்போதும் வார்டன்களையே அனுப்புகின்றன. அது கட்டாயமில்லை. இரண்டு வார்டன்களும் ஒரே வயது, ஒரே பின்னணி, ஒரே ஆராதனை நேரத்துக்கு வருபவர்கள் என்றால் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுப்பதே முறை. ஆனாலும் ஒரு எச்சரிக்கை: “நம் ஆட்களின் சார்பில் ஒருவர்” என்று கணக்குப் பார்த்து அனுப்பப்படுபவர் அறைக்குள் தன் இனத்தாரின் வழக்கறிஞராகிவிடுகிறார். இருவரும் முழு சேகரத்துக்கும் பிரதிநிதிகள் என்பதைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். இரகசியம் காப்பவரா, தன்னைவிடப் பதவியில் உயர்ந்தவர் முன் நிதானமாக மறுத்துப் பேசக் கூடியவரா என்ற இரண்டையும் பாருங்கள். ஆர்ச்டீக்கன் கனிவாக வற்புறுத்தும்போது “இன்னும் எனக்குத் திருப்தி இல்லை” என்று சொல்ல முடியாதவருக்கு மறுப்புரிமை இருந்தும் பயனில்லை.

தகுதிக் குறிப்பும் விளம்பரமும்

சேகரக் குறிப்பு சபையைப் பற்றியது. தகுதிக் குறிப்பு நாடும் நபரைப் பற்றியது. கட்டாயத் தகுதிகள் ஆறோ ஏழோ இருந்தால் போதும். இளையோரை ஈர்ப்பவர், முதியோரைச் சந்திப்பவர், பிரசங்க வல்லவர், நிர்வாகி, பாடகர், கட்டட நிபுணர் என்று இருபது தகுதிகளை அடுக்கினால், அதை நேர்மையாகப் படிப்பவர் விலகிப் போவார்.

இன, நிறப் பின்னணியைத் தகுதியாக எழுத 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இடம் தராது. “தமிழ்க் குருவானவர் வேண்டும்”, “ஆப்பிரிக்கரே வேண்டும்” என்று எழுதுவதும், வாய்மொழியாக அந்த அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுப்பதும் சட்ட விரோதம். பல பண்பாட்டினர் உள்ள சபையில் பணியாற்றிய அனுபவம், மொழிக் குழுக்களோடு இணைந்து வேலை செய்யும் திறன், புதிய மொழியையோ வழிபாட்டு முறையையோ கற்கும் மனம் ஆகியவற்றைத் தாராளமாகக் கேட்கலாம். ஒரு குறிப்பிட்ட மொழியைக் கட்டாயமாக்க விரும்பினால், அந்தப் பணிக்கு அது உண்மையிலேயே தேவை என்று காட்ட வேண்டியிருக்கும். முன்கூட்டியே பேராயத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். நகரச் சேகரத்துக்கு வரும் குருவானவர் எல்லா மொழியும் பேச வேண்டியதில்லை. 2019இல் இங்கிலாந்துத் திருச்சபை பாரசீக மொழியில் திருவிருந்து முறைமையை வெளியிட்டது. அம்மொழி தெரியாத குருவானவர்களும் அதைத் துணையாகக் கொண்டு ஈரானியக் குடும்பங்களோடு ஆராதிக்க முடிகிறது.

விளம்பரம் வழக்கமாக 1863இலிருந்து வெளிவரும் ‘சர்ச் டைம்ஸ்’ வார இதழிலும், திருச்சபையின் இணைய ஆள்சேர்ப்புத் தளத்திலும், பேராயத்தின் இணையப் பக்கத்திலும் வரும். இத்துடன் நிறுத்தினால் ஏற்கெனவே அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கே செய்தி போய்ச் சேரும். சிறுபான்மை இனக் குருவானவர்களின் தொடர்பு வலையங்களுக்கும் அனுப்பும்படி ஆர்ச்டீக்கனைக் கேளுங்கள். தகுதியுள்ள ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால், “விளம்பரத்தைப் பார்த்தீர்களா?” என்று ஒரு வரி எழுதுவதில் தவறில்லை, வாக்குறுதி மட்டும் தரக் கூடாது.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பணியாற்றும் ஒரு குருவானவரின் பெயர் தமிழ்க் குடும்பங்களிடையே அடிபடுவது இயல்பு. தென்னிந்தியத் திருச்சபையும் இலங்கைத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உள்ளவை என்றாலும், வெளிநாட்டில் அபிஷேகம் பெற்றவர் இங்கிலாந்தில் பணியாற்ற, 1967ஆம் ஆண்டின் சட்டப்படி கேன்டர்பரி அல்லது யார்க் தலைமைப் பேராயரின் அனுமதி தேவை. பணியுரிமை இல்லாதவருக்கு விசாவும், அதற்கு உரிமம் பெற்ற அமைப்பின் ஆதரவும் வேண்டும். அதோடு, இந்நாட்டுச் சேகர நிர்வாகமும் சட்டங்களும் பழகியிராத ஒருவரை நேராக ஒரு பெரிய நகரச் சேகரத்தின் தலைமையில் வைப்பது அவருக்கே அநியாயமாக முடியலாம். இங்கே சில ஆண்டுகள் துணைக் குருவானவராக இருந்தவர் என்றால் அந்தத் தடை பெரிதும் குறையும்.

குறும்பட்டியல்

விண்ணப்பங்கள் வந்த பின், புரவலரின் சார்பில் ஒருவர், பேராயர் அல்லது ஆர்ச்டீக்கன், ஏரியா டீன், இரண்டு பிரதிநிதிகள் என்று ஒரு குழு அமர்வது வழக்கம். ஒவ்வொருவரும் தனியாகப் படித்து, தகுதிக் குறிப்பின் ஒவ்வோர் அம்சத்துக்கும் மதிப்பெண் இட்ட பிறகே கூடிப் பேசுங்கள். முதலில் பேசுபவரின் கருத்துக்குப் பின்னால் மற்றவர்கள் சாய்வதை இது தடுக்கும். ஆங்கில நடை நயமாக இருப்பதைத் தகுதியாக எண்ணிக்கொள்வது இங்கே நடக்கும் பொதுவான பிழை. ஒரே வகைப் பள்ளி, பல்கலைக்கழகம், இறையியல் கல்லூரி வழியாக வந்தவர்கள் ஒரே மாதிரி எழுதுவார்கள். அந்த நடை பழக்கமானது என்பதால் திறமையாகத் தோன்றும். என்ன செய்தார், யாரோடு சேர்ந்து செய்தார் என்பதையே தேடிப் படியுங்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம் வருவதும், ஒன்றுமே வராததும் இப்போது அபூர்வமில்லை. ஒருவர் மட்டுமே வந்தாலும் இதே அளவுகோல்தான்.

நேர்காணல் நாட்கள்

வழக்கமாக முதல் நாள் சேகரத்தைச் சுற்றிப் பார்ப்பதும் சபையாரோடு உணவருந்துவதும், மறுநாள் நேர்காணலுமாக அமையும். உணவின்போது பேசுபவர்களுக்கு முன்னதாகவே எல்லையைச் சொல்லி வையுங்கள். நம் ஊர்ச் சபைகளில் குருவானவரின் மனைவியான ஐயரம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துவார் என்பது எழுதப்படாத ஏற்பாடு; அந்தப் பழக்கத்தில், வந்திருப்பவரிடம் “உங்கள் மனைவி ஞாயிறு பள்ளி எடுப்பார்களா? பிள்ளைகள் எத்தனை?” என்று யாராவது அன்பாகக் கேட்டுவிடுவார்கள். இங்கே குடும்ப நிலை தேர்வில் எடை போடப்படக் கூடாது. வந்திருப்பவர் பெண்ணாக இருந்து “உங்கள் கணவர் என்ன சொல்கிறார்?” என்று கேட்கப்பட்டால் அவர் மனத்துக்குள்ளேயே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றிருப்பார்.

நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. “பன்முகத்தன்மையை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?” என்பது போன்ற கேள்விக்கு எல்லோரும் அழகாகவே பதில் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்: “உங்களிலிருந்து வேறுபட்ட பின்னணியைச் சேர்ந்த ஒருவர், நீங்கள் புண்படுத்திவிட்டதாகச் சொன்ன சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு என்ன செய்தீர்கள்?” “நீங்கள் கையில் வைத்திருந்த பொறுப்பு ஒன்றை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தது எப்போது? அவர் அதை உங்களைப் போல் செய்யாதபோது என்ன நடந்தது?” “குழந்தைகளின் பாதுகாப்பு குறித்து ஒரு புகார் வந்தது. புகாருக்குள்ளானவர் சபையின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?” கடைசிக் கேள்விக்கு, பேராயத்தின் பாதுகாப்பு ஆலோசகருக்குத் தெரிவிப்பதும் தானாக விசாரணை நடத்தாமல் இருப்பதும் பதிலில் இல்லையென்றால் மற்ற எந்தச் சிறப்பும் அதை ஈடுசெய்யாது.

ஒரு சூழ்நிலையைக் கொடுத்துப் பேசச் சொல்வது இவற்றைவிடப் பயனுள்ளது. புனித வெள்ளியையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ், மலையாளக் குடும்பங்கள் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையை எதிர்பார்க்கின்றன. நைஜீரியக் குடும்பங்கள் சிலுவையைச் சுமந்து தெருவில் பாடிச் செல்ல விரும்புகின்றன. நெடுநாள் அங்கத்தினர்கள் ஒரு மணி நேர அமைதியான வழிபாடே போதும் என்கிறார்கள். ஆர்கன் வாசிப்பவர் ஒரு மணிக்கு மேல் இருக்க முடியாது என்று எழுதிவிட்டார். விண்ணப்பதாரர் என்ன செய்வார்? உடனடியாக ஒரு கால அட்டவணை போட்டுத் தருபவர் நிர்வாகத்தில் கெட்டிக்காரர். “முதலில் இந்த நான்கு தரப்பாரும் அந்த நாளில் எதைத் தேடி வருகிறார்கள் என்று கேட்பேன், எல்லோரும் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் எது, பிரிந்திருக்கக் கூடிய நேரம் எது என்று அவர்களையே உட்கார வைத்துத் தீர்மானிக்கச் செய்வேன்” என்பவர், நீங்கள் தேடும் நபருக்கு நெருங்கியவர். “ஆங்கிலிக்கன் முறை இதுதான்” என்று சொல்லி முடித்துவிடுபவரிடம், எந்த நாட்டின் ஆங்கிலிக்கன் முறை என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

முடிவெடுப்பது

நேர்காணல் முடிந்த உடன் பேசத் தொடங்க வேண்டாம். ஒவ்வொருவரும் அமைதியாகத் தம் குறிப்பை எழுதி முடித்த பிறகு, சேகரப் பிரதிநிதிகள் முதலில் பேசட்டும், பேராயர் கடைசியாகப் பேசட்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்; நல்ல பேராயர்கள் இதை விரும்பியே ஏற்பார்கள். “இவர் நமக்குப் பொருந்துவார்” என்று ஒருவர் சொன்னால், “நமக்கு” என்றால் யாருக்கு, எந்தத் தகுதியில் என்று கேளுங்கள்.

யாருமே பொருந்தவில்லை என்றால் நியமிக்காதீர்கள். களைத்துப் போன வார்டன்களுக்கு இது தாங்க முடியாத அறிவுரை என்பது தெரியும். மீண்டும் விளம்பரம், மீண்டும் பல மாதங்கள். ஆனாலும் இங்கிலாந்தில் நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட்ட குருவானவரை எளிதில் மாற்ற முடியாது. தவறான நியமனத்தின் விலையைச் சபை பத்தாண்டுகள் செலுத்தக்கூடும்.

அழைப்பு விடுக்கும் முன் சரிபார்ப்புகள் முடிந்திருக்க வேண்டும்: பரிந்துரைக் கடிதங்கள், அவர் இப்போது பணியாற்றும் பேராயத்தின் பேராயர் தரும் நிலைமைக் கடிதம், குற்றப் பின்னணி பற்றிய விரிவான டி.பி.எஸ். சான்று. இவை பேராய அலுவலகத்தின் வேலை. எல்லாம் வந்துவிட்டனவா என்று கேட்பது பிரதிநிதிகளின் வேலை.

அறிவிப்பிலிருந்து பதவியேற்பு வரை

புதியவர் இப்போதுள்ள பணியிலிருந்து விலக வழக்கமாக மூன்று மாத அறிவிப்புத் தர வேண்டும். ஆகவே இரு சபைகளிலும் ஒரே ஞாயிறு, ஒரே நேரத்தில் செய்தி வாசிக்கப்படும். அதற்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பெயர் கசிந்தால், அவர் விட்டு வரும் சபையார் தங்கள் குருவானவரின் விலகலைப் பிறர் வாயால் கேட்க நேரும். அறிவிப்பு வாசகத்தை முன்கூட்டியே மொழிபெயர்த்து வையுங்கள். ஆங்கிலத்தில் வாசிக்கப்படும் அதே நேரத்தில் தமிழிலும் பாரசீகத்திலும் கான்டனீஸிலும் அச்சிட்ட தாள் கையில் இருக்கட்டும்.

இந்த மாதங்களில் குருமனையைப் பழுது பார்ப்பது, கணக்கையும் சாவிகளையும் பட்டியலிடுவது, அவர் வந்தவுடன் சந்திக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தயாரிப்பது ஆகியவற்றைச் செய்துவிடலாம். அந்தப் பட்டியலில் முதல் பத்துப் பெயர்களும் சேகர மன்றத்தாராக இருந்தால் மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு மொழிக் குழுவிலிருந்தும் ஒரு வீடு, ஆலயத்துக்கு வர இயலாத நோயாளிகள், இரவு வேலை காரணமாக ஞாயிறு காலையில் தூங்குபவர்கள் முதலில் வரட்டும்.

பதவியேற்பு ஆராதனையில் புதியவர் விசுவாச அறிக்கை செய்து, மன்னருக்கும் பேராயருக்கும் உரிய உறுதிமொழிகளை எடுத்த பின், பேராயர் சேகரத்தின் ஆன்மப் பராமரிப்பை அவரிடம் ஒப்படைப்பார். ஆர்ச்டீக்கன் அவர் கையை ஆலயக் கதவில் வைப்பார். அவர் மணியை அடித்துத் தாம் வந்துவிட்டதை ஊருக்குத் தெரிவிப்பார். பொறுப்புக் குருவானவர் என்றால் உரிமம் வழங்கும் ஆராதனையாக இது அமையும். எந்தப் பாட்டு, எந்த மொழியில் வேத வாசிப்பு, யார் ஜெபம் செய்வது என்பதைப் பேராய அலுவலகத்தின் வழக்கமான தாளுக்கே விட்டுவிடாமல், முன்பு மேசையில் பரப்பிய பணிப் பட்டியல்களை நினைவில் வைத்துத் தீர்மானியுங்கள்.

பிரதிநிதிகளின் பொறுப்பு அந்த ஆராதனையோடு முடிகிறது. விண்ணப்பங்கள், மதிப்பெண் தாள்கள், நேர்காணல் குறிப்புகள் எல்லாவற்றையும் பேராய அலுவலகத்திடம் ஒப்படைத்து, தனிப்பட்ட பிரதிகளையும் மின்னஞ்சலில் கிடப்பவற்றையும் அழித்துவிட வேண்டும். தேர்வாகாதவர்கள் யார், எத்தனை பேர் என்பதைப் பிற்காலத்திலும் யாரிடமும் சொல்லக் கூடாது. அவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டே பக்கத்துச் சேகரத்துக்கு வரலாம். “உங்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான்” என்ற உரிமையோடு புதிய குருவானவரின் காதில் பேச முயல்வதும் கூடாது.